கண்ணாடிக்கு உள்பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுநிசி, நாய் ஊளை, பாழடைந்த பங்களா என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் வீட்டுக் கூடத்தில். தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் மாமியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நேரத்தைக்கூட நிமிஷக் கணக்கில் சொல்வேன், ஏனென்றால் அன்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தேதான் வேலை செய்தேன். நம்பாதவர்கள் என் மாமியாரைக் கேட்டுக்கொள்ளலாம். எனக்குச் சாதகமாக ஒரு பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை அவர்.

நான் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். என் அக்கா பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்து, மூட்டு மாற்றி, படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பவள். பதினான்கு வருஷம் அடுத்தவர்களிடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகச் சின்னதாய் ஒரு கிளினிக் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை திறப்பு.

வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஆறு புகைப்படங்கள் வைத்திருந்தாள். அவளே எடுத்தவை, கறுப்பு வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி, மாதக்கணக்கில் படுத்திருந்துவிட்டு முதல் அடி எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடி. ஃப்ரேம் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"விடுக்கா, நானே போட்டுத் தர்றேன். இது என்ன பெரிய கம்பசூத்திரமா?"

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் நானும் அக்காவும் இரண்டு வருஷம் பேசவில்லை. தப்பு என்னுடையது. அவள் கஷ்டத்தில் கூப்பிட்ட நேரத்தில் நான் போகவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதமாகத்தான் மறுபடி வாய் திறந்து பேசுகிறோம். அதனால் அந்த ஆறு ஃப்ரேம் எனக்கு வெறும் ஃப்ரேம் இல்லை.

சோடாபுட்டியின் கடைக்குப் போனேன். சோடாபுட்டி எங்கள் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். அவர் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடிக்காக ஊர் வைத்த பெயர். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் அவரிடம் வந்து சேரும். அரித்துப் போகாத ஆறு மரச் சட்டங்களைப் பொறுக்கினேன். கண்ணாடிக்கு அவரே வழி சொன்னார்.

"பழைய ஜன்னல் கண்ணாடி ஆறு கிடக்கும்மா. நல்ல சரக்கு. அளவு சொல்லு, வெட்டித் தர்றேன்."

வெட்டிக் கொடுத்தார். அச்சகம் ஒன்றில் மிஞ்சிய தடித்த அட்டை கிடைத்தது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட்டுக்கு அது போதும். மொத்தச் செலவு ஃப்ரேம் கடைக்காரர் சொன்னதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டங்களுக்கு உப்புத்தாள் போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து, சனிக்கிழமை முழுவதும் காயவைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கணவர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட். மாலை ஐந்தரைக்கு அக்கா வந்து ஆறையும் எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. வெளியே காலையிலிருந்தே மழை.

வீட்டில் ஃப்ரேம் போட்டவர்களுக்கு நான் படப்போகும் பாடு தெரியும். மவுண்ட் அட்டையில் நடுவே சதுரமாக ஜன்னல் வெட்ட வேண்டும். பிளேடு ஒரு நூல் தாண்டினால் மூலையில் வாய் பிளந்துவிடும். முதல் அட்டை பாழ். இரண்டாவது, மூலை சரியாக வந்தது, ஆனால் சதுரம் கோணல். படத்தை முழுக்கப் பசை தடவி ஒட்டக்கூடாது, சுருங்கிவிடும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு காகிதத் துண்டு வைத்துத் தொங்கவிட வேண்டும். எல்லாம் முடிந்து கண்ணாடியை மூடி, பின்அட்டை வைத்து, சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டித் திருப்பிப் பார்த்தால்... உள்ளே ஒரு தலைமுடி இருக்கும். நட்டநடுவில். பிரி. துடை. மறுபடி ஒட்டு.

என் மாமியார் முப்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். ஓர் எழுத்து தப்பினால் முழுத்தாளையும் கிழித்துப் போடச் சொல்கிற ஆள். நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"இடது பக்கம் இறங்கியிருக்கு."

"இல்லை அத்தை."

"ஸ்கேல் வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

எப்படியோ 12:50-க்கு ஐந்து முடிந்தது. மாமியார் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். எனக்குப் பசி இருந்தது, ஆனால் ஒன்றே ஒன்றுதானே, முடித்துவிட்டே சாப்பிடலாம் என்று ஆறாவதை எடுத்தேன். ஏழு மாதம் படுக்கையில் இருந்த ஒரு பஸ் டிரைவர், வாக்கரை விட்டுவிட்டுச் சிரிக்கும் படம். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, செய்தித்தாளால் பளபளவென்று தேய்த்தேன். மூடினேன். டேப் ஒட்டினேன். திருப்பினேன்.

மணி 1:15. வலது கீழ்மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

கண்ணாடிக்கு உள்பக்கம்.

என் கட்டைவிரலைத்தான் திட்டிக்கொண்டேன். டேப்பைக் கிழித்துப் பிரித்து, துடைத்து, மறுபடி மூடினேன். இந்த முறை மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படவில்லை. டேப் ஒட்டித் திருப்பினேன்.

1:50. அதே இடம். இப்போது இரண்டு விரல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். பழுப்பு டேப் தீர்ந்துகொண்டே வந்தது. கிழித்துக் கிழித்து, சட்டத்தின் பின்பக்கப் பெயின்ட் உரிந்து வந்தது. சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வந்தார்.

"கண்ணாடி துடைக்கிறதுக்கு இவ்வளவு நேரமா? கொடு இங்க."

அவரே துடைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் வைத்துப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, புடவைத் தலைப்பால் கடைசியாக ஒரு தேய்ப்பு. இருவரும் பார்த்தோம். ஒரு புள்ளி இல்லை. அவர் பிடித்துக்கொள்ள நான் மூடி டேப் ஒட்டினேன்.

"இப்படிச் செய்யணும்" என்றார். ஃப்ரேமைக் குப்புறச் சோபாவில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. மணி 2:32. அக்கா.

"ஆச்சாடி?"

"அஞ்சு முடிஞ்சிடுச்சுக்கா. இன்னும் ஒண்ணுதான்."

"முடியலைன்னா விடு. அஞ்சே போதும்."

"முடியும்."

"நீ இப்படித்தான் சொல்லுவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

போனை வைத்துவிட்டுப் போய் ஃப்ரேமைத் திருப்பினேன்.

நான்கு விரல். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. வெறும் ரேகை இல்லை... மேலிருந்து கீழே இழுத்த கோடுகள். ஈரக்கையைக் கண்ணாடியில் வைத்துச் சரிய விட்டால் எப்படி இருக்கும், அப்படி.

மாமியார் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அப்போதும் நான் பேய் பிசாசு என்று நினைக்கவில்லை. அட்டையில் ஈரம் இருக்கிறது, மழை நாள், அதனால் படிகிறது என்று கணக்குப் போட்டேன். பஸ் டிரைவர் படத்தை எடுத்து, முடித்துவைத்த வேறொரு ஃப்ரேமில் போட்டேன். அதில் இருந்த படத்தையும் அட்டையையும் இங்கே மாற்றினேன். இரண்டையும் மூடிவிட்டு, எதிரில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

அந்த ஃப்ரேம் சுத்தமாக இருந்தது.

இதில்... நான் கண் இமைத்த ஒரு நேரத்தில்... நான்கு விரல்.

அப்படியானால் படத்தில் இல்லை. அட்டையில் இல்லை. கண்ணாடியில்.

மணி 3:20. எல்லாவற்றையும் பிரித்துக் கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்தேன். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சில்லிப்பு. மற்ற ஐந்தும் அறையின் சூட்டில்தான் இருந்தன. இது மட்டும் வெளியே மழையில் கிடந்தது போல.

சுவரில் சாய்த்து நிற்க வைத்து, முன்பக்கம் துடைத்தேன். விரல் அச்சு போகவில்லை.

சரி, பின்பக்கம் என்று திருப்பித் துடைத்தேன்.

போகவில்லை.

மறுபடி முன்பக்கம். ஸ்பிரிட் ஊற்றி, நகத்தால் சுரண்டினேன். நகம் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தப் பக்கமும் இல்லை... அந்தப் பக்கமும் இல்லை.

"அத்தை" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ தட்றாங்க. போய்த் திற."

எனக்கும் கேட்டது. டொக்... டொக்... இரண்டு தட்டல். இடைவெளி. மறுபடி இரண்டு. பலமாகத் தட்டவில்லை. பலமே இல்லாத தட்டல்.

கதவைத் திறந்தேன். மழை. காலியான படிக்கட்டு. பக்கத்து வீட்டுச் செருப்பு நனைந்து கிடந்தது. யாரும் இல்லை.

திரும்பினேன்.

டொக்... டொக்...

வாசலில் இல்லை. கூடத்துக்குள்.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவர் பார்வை கீழே, சுவரில் சாய்த்திருந்த கண்ணாடி மேல் இருந்தது.

"அதுக்குப் பின்னாடி சுவருதானே?" என்றார்.

"ஆமா அத்தை."

"சுவரு மட்டும்தானே?"



மணி 4:05. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஆவி படர்ந்தது. யாரோ மூச்சு விட்டது போல. மெல்ல விரிந்தது... சுருங்கியது... மறுபடி விரிந்தது.

மூச்சு.

பிறகு அந்த ஆவியின் நடுவில் ஒரு கோடு விழுந்தது.

பக்கவாட்டில். இடமிருந்து வலம்.

பிறகு வலமிருந்து இடம்.

யாரோ உள்ளேயிருந்து துடைத்தார்கள்.

ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி தெளிந்தது. அதன் வழியே எங்கள் வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. சுவரின் மஞ்சள் பெயின்ட். ஒரு பழைய ஆணித் துளை. வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் துடைப்பது நிற்கவில்லை.

இடம்... வலம்.

இடம்... வலம்.

நடுநடுவே... டொக்.

மாமியார்தான் அசைந்தார். சோபா மேல் கிடந்த போர்வையை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டார். போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்ததில்லை.

போர்வைக்குள்ளிருந்து கேட்டது.

டொக்.

போர்வையின் கீழ்ப்பக்கம் லேசாக அசைந்தது.

டொக்...

4:26.

நின்றுவிட்டது.

நாங்கள் ஐந்து மணி வரை அதே இடத்தில் நின்றோம். மழை விட்டுவிட்டிருந்தது. மாமியார்தான் முதலில் பேசினார். "அஞ்சரைக்கு உங்க அக்கா வருவா. மிச்சத்தை முடி." நான் ஆறாவது ஃப்ரேமைக் கண்ணாடியே போடாமல் மூடினேன். டேப் கோணல்மாணலாகப் போயிற்று. அவர் அதைப் பார்த்தார். ஸ்கேல் எடுத்துவரச் சொல்லவில்லை.

போர்வையோடு சேர்த்துக் கண்ணாடியைச் சுருட்டி, பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா 5:35-க்கு வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஆறாவதைத் தடவினாள்.

"இதுக்குக் கண்ணாடி?"

"உடைஞ்சிடுச்சுக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதாண்டி நல்லாயிருக்கு. ஆளைத் தொடலாம் போல இருக்கு" என்றாள். "உன் முகம் ஏன் இப்படி இருக்கு? ராத்திரி தூங்கலையா?"

"வேலை அதிகம்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருஷமும் எட்டு மாதமும் நான் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் அவள் தோளுக்கு மேலாக நான் பின்கட்டுக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிளினிக் திறப்பு நல்லபடியாக நடந்தது. கணவரிடம் சொன்னேன். "தூக்கக் கலக்கம்" என்றார். "நான் தூங்கி எழுந்து தெளிவாத்தான்டா இருந்தேன்" என்றார் மாமியார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கண்ணாடியைச் சோடாபுட்டியிடம் திருப்பிக் கொண்டுபோனேன். சாயங்காலம் 6:10. அவர் போர்வையைப் பிரித்துப் பார்த்தார். கண்ணாடி பளிங்கு போல இருந்தது. ஒரு கறை இல்லை.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"வேண்டாம், வச்சுக்கோங்க. பணம் வேண்டாம். இது எங்கே இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஆறும் ஒரே ஜன்னல்ல இருந்து வந்ததுதான். மார்க்கெட் பஸ் ஸ்டாப் இருக்குல்ல, அதுக்கு நேரெதிர் வீடு. பச்சை கேட்டு. ஒரு பெரியவர் தனியா இருந்தாரு. வாட்ச் ரிப்பேர் பண்ணுவாரு. போன மழைக்காலத்துல ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கிட்டு விழுந்துட்டாரு. வாயும் போயிடுச்சு. ஜன்னலுக்குக் கீழேயே கிடந்திருக்காரு. எழுந்திருக்க முடியல. ஒரு கை மட்டும் அடிக் கண்ணாடிக்கு எட்டியிருக்கு. நாலு நாள் உயிரோட இருந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாராம். நான் ஜன்னலைக் கழட்டப் போனப்போ மத்த கண்ணாடி அஞ்சும் தூசியா இருந்துச்சு. கீழ் மூலைக் கண்ணாடி பூரா கை அச்சு."

போர்வையை இழுத்து மறுபடி கண்ணாடியை மூடினார்.

"எதிர்லயே பஸ் ஸ்டாப்பும்மா. காலையில எவ்வளவு ஜனம் நிக்குது! ஒருத்தர்கூடப் பார்க்கலையே..."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமியாரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் எங்கள் பக்கம் வரவில்லை. மார்க்கெட் ஸ்டாப்பில் போய்த்தான் ஏறினேன். காலை 8:20 பஸ். எதிர்வீட்டு ஜன்னலில் ஆவி படிந்திருக்கும். அதன் கீழ் மூலையில் ஒரு கை மட்டும் தெரியும். இப்படியும் அப்படியும் அசையும். ஆள் தெரியாது. அவ்வளவு கீழே இருந்ததால், ஏதோ சின்னக் குழந்தை டாட்டா காட்டுகிறது என்று நினைத்தேன்.

திங்கள், செவ்வாய், புதன்.

வியாழக்கிழமை அந்தக் கை இல்லை. பள்ளிக்கூடம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த மூன்று நாளும் நான் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தேன்.